அந்தியில் தடுமாறிய கறுப்பன்

 வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குப் போய்வரும் செலவு என்று எழுதி வந்தவன், இம்மாதம் ஒரு நாயைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சங்கப் பத்திரிகையில் நாய்க்கு என்ன இடம் என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் இது ஒரு நாயின் கதையோடு முடிவதன்று. நம் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு நான் ஒரு செய்தியைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதைத் தனித்தனியே சொன்ன பிறகு, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கறுப்பன் என்று ஒரு நாய் இருக்கிறது. லாப்ரடார் ஜாதி, வயது ஐந்து. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்குள் நுழைகிற எவரையும் வாலாட்டி வரவேற்பதே அதன் தொழில். காவலுக்கு உதவாது, அன்புக்குக் குறைவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தி நேரம், வாசற்படி மூன்றையும் ஒரே தாவாகத் தாவி இறங்கும் பழக்கமுள்ள அது, முதற்படியிலேயே நின்று தயங்கியது. காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தது. படி வழுக்குகிறது போலும் என்று நினைத்தேன். சில நாள் கழித்து மின்சாரம் நின்ற ஓர் இரவில், தினமும் போய்வரும் வழியிலேயே, ஓரத்துச் சாக்கடையில் இறங்கிவிட்டது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பரேடு மைதானத்தில் பந்தைத் துரத்திப் பிடித்தது. ஆகவே கண்ணில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் கண்டுகொண்டவள் என் தாயார். “பகலில் ஓடுகிறது, விளக்கு வைத்தால் தடுமாறுகிறது; இது மாலைக்கண் அல்லவா?” என்றாள். உடனே ஆட்டு ஈரலும் முருங்கைக் கீரையும் வாங்கிவரச் சொன்னாள். நம் முன்னோர் கண்ட வைத்தியம் அது. அதில் பிழை சொல்வதற்கில்லை. வைட்டமின் ஏ குறைவினால் குழந்தைகளுக்கு வரும் மாலைக்கண்ணுக்கு அது உண்மையான பரிகாரம். ஆனால் ஒழுங்காகத் தீனி தின்னும் நாய்க்கு அந்தக் குறைவு வருவது மிக அரிது. இரண்டு மாதம் ஈரல் போட்டோம். கறுப்பனின் உடம்பு பளபளத்தது. தடுமாற்றம் மட்டும் நின்றபாடில்லை. ஈரலையும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் அந்த வைட்டமினே மிகுந்து எலும்பு மூட்டுகளுக்குக் கேடு செய்யும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இதற்கிடையில் இன்னொரு காரியமும் நடந்து கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எறணாகுளத்து நண்பர் ஒருவருடைய பெட்டை லாப்ரடாருடன் கறுப்பனைச் சேர்த்ததில் ஆறு குட்டிகள் பிறந்தன. ஒன்றை நண்பர் வைத்துக்கொண்டார்; மற்ற ஐந்தும் நம் சங்கத்து வீடுகளுக்கு அன்பளிப்பாகப் போயின. நண்பரிடம் உள்ளது பெண் குட்டி. அதை மறுபடி கறுப்பனோடேயே சேர்த்தால் ஜாதி சுத்தமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். அந்த ஈற்றில் ஒரு குட்டியைத் தம் சம்பந்தி வீட்டுக்குத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். அதற்கு முன் நாயை மிருக வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அழைத்துப் போனேன். தடுப்பூசி, உடம்புப் பரிசோதனை, அவ்வளவுதான் என் நினைப்பு. போகிற போக்கில் அந்திநேரத் தடுமாற்றத்தையும் சொன்னேன். வைத்தியர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

அவர் செய்த பரிசோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாய் வளர்ப்போர் இதில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் அவர் நாயைத் தொடவே இல்லை. என்னைக் கேள்விகள் கேட்டார். தடுமாற்றம் திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? இருட்டில் மட்டுமா, பகலிலுமா? பழகிய இடத்திலா, புதிய இடத்திலா? உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்ததுண்டா? வேறு மருந்து ஏதேனும் கொடுத்தீர்களா? நாயின் தாய் தந்தையர் எப்படி? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கறுப்பனைக் குட்டியாக வாங்கியபோது அதன் தந்தையின் பட்டயங்களைக் காட்டினார்கள். கண்ணைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அடுத்து அறையில் நாற்காலிகளைத் தாறுமாறாகப் போட்டு, விளக்கொளியில் நாயை நடக்கவிட்டார். ஒன்றிலும் முட்டாமல் வந்தது. விளக்கை மங்கலாக்கி, நாற்காலிகளை மாற்றிப் போட்டு மறுபடி நடக்கவிட்டார். இரண்டில் முட்டிக்கொண்டது. ஒரு பஞ்சுருண்டையை அதன் முன்னால் மேலிருந்து போட்டார். பஞ்சு விழும்போது சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணால் மட்டுமே அதைத் தொடர முடியும். கையை முகத்தருகே சடுதியில் கொண்டுபோய் இமைக்கிறதா என்று பார்த்தார். காற்று மீசை மயிரில் பட்டாலும் நாய் இமைத்துவிடும். ஆகையால் காற்று படாமல் செய்ய வேண்டுமாம். பின்பு ஒரு சிறு விளக்கைக் கண்ணில் காட்டிக் கண்பாவை சுருங்குவதைக் கவனித்தார். சுருங்கியது, ஆனால் சோம்பலாகச் சுருங்கியது.

கண்ணின் அழுத்தத்தை அளந்து, அது சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, பாவையை விரியச் செய்யும் சொட்டு மருந்தை இரு கண்களிலும் விட்டார். ஏறத்தாழ 20 நிமிஷம் காத்திருந்தோம். பிறகு அறையை இருட்டாக்கி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வில்லையைப் பிடித்து, கண்ணின் உள்ளே பார்த்தார். ஊசி இல்லை, வலி இல்லை. கறுப்பன் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு விழித்திரை என்று பெயர். ஒளியை வாங்கி நரம்புச் செய்தியாக மாற்றுவது அதன் வேலை. அதில் இருவகை அணுக்கள் உண்டு. கோல் வடிவான அணுக்கள் மங்கிய ஒளியில் வேலை செய்பவை. கூம்பு வடிவானவை பகல் ஒளிக்கு உரியவை. நாய்க்கு நம்மிடம் இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. அதன் விழித்திரைக்குப் பின்னால், மேற்பாதியில், கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒளிர்படலம் ஒன்று இருக்கிறது. இரவில் விளக்கின் முன் நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவது இதனால்தான். ஒருமுறை தப்பிய ஒளியைப் பிடிக்க விழித்திரைக்கு இரண்டாம் வாய்ப்பை அளிக்கிறது இந்தப் படலம்.

பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவில், பெரும்பாலும் கோல் அணுக்கள் முதலில் மடிகின்றன. அதனால் அந்தியில் தடுமாற்றம். அவற்றைத் தொடர்ந்து கூம்பு அணுக்களும் மடிய, பகற்பார்வையும் போகிறது. அணுக்கள் மடிய மடிய விழித்திரை மெலிகிறது. ஜன்னல் திரையை நீக்கினால் கண்ணாடி கூடுதலாக ஒளிர்வது போல, மெலிந்த விழித்திரைக்குப் பின்னுள்ள ஒளிர்படலம் வழக்கத்துக்கு மேல் பளிச்சிடுகிறது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் நூலாகச் சுருங்குகின்றன. பார்வை நரம்பு கண்ணுக்குள் புகும் வட்டம் வெளிறுகிறது. இந்த மூன்று அடையாளங்களையும் வைத்தியர் இரண்டு கண்களிலும் ஒரே மாதிரியாகக் கண்டார். “இரவில் இதன் கண் முன்னைவிட அதிகமாக மின்னுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னார்களா?” என்று கேட்டார். என் மகள் பல நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அழகு என்று நாங்கள் மகிழ்ந்து கொண்டிருந்தோம்.

இரண்டு கண்களும் ஒரே மாதிரி இருப்பது முக்கியமான தடயம். காய்ச்சலாலோ காயத்தாலோ விழித்திரை கெட்டிருந்தால், ஒரு கண்ணில் கூடுதலாகவும் மறு கண்ணில் குறைவாகவும், திட்டுத் திட்டாகவும் இருப்பதே பெரும்பான்மை. உண்ணிக் காய்ச்சல் மிகுந்த நம் பிரதேசத்தில் இதைப் பிரித்தறிவது அவசியம். சில நாய்களுக்குச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ திடீரென்று பார்வை போய்விடும். அப்போது விழித்திரை முதலில் பார்ப்பதற்குப் பழுதின்றியே தோன்றும். அது வேறு நோய். கண்ணழுத்த நோயில் கண் சிவக்கும், வலிக்கும். இரத்த அழுத்தம் மிகுந்தால் விழித்திரை பிய்ந்து விலகும். பரம்பரைச் சிதைவிலோ சிவப்பும் இல்லை, நீரும் இல்லை, வலியும் இல்லை. நோய் ஓசையின்றி வருகிறது. நாயும் மோப்பத்தாலும் செவியாலும் பழக்கத்தாலும் அதை மறைத்துவிடுகிறது.

இன்னொரு மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும. இந்நோய் முற்றும்போது பல நாய்களுக்குக் கண்வில்லையில் புரை விழும். வெளியே தெரிவது வெள்ளையான புரை மட்டும். ஆகவே புரையை எடுத்தால் பார்வை வந்துவிடும் என்று வீட்டார் எண்ணுவார்கள். பின்னாலிருக்கும் விழித்திரை மடிந்திருந்தால், புரையை எடுத்தும் பார்வை வராது. புரை மறைத்து உள்ளே பார்க்க முடியாத கண்ணுக்கும், அடையாளங்கள் இன்னும் தோன்றாத இளங்கண்ணுக்கும், விழித்திரை மின்பதிவு என்ற பரிசோதனை இருக்கிறது. நாயை மயக்கி, இருட்டில் வைத்து, ஒளியைப் பாய்ச்சி, விழித்திரை எழுப்பும் மின்துடிப்பை அளப்பார்கள். கண்ணுக்குப் புலப்படும் முன்பே கோல் அணுக்களின் தளர்ச்சியை அது காட்டிவிடும்.

கண்ணின் உள்ளே பார்ப்பது என்பதே பழங்காலத்தில் இயலாத காரியம். ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் கண்ணுள்நோக்கும் கருவியை அமைத்த பிறகுதான் உயிருள்ள கண்ணின் விழித்திரையை வைத்தியர்கள் கண்டார்கள். நாய்களின் இந்த நோயை முதன் முதலாக விவரித்தவர் சுவீடன் நாட்டு மாக்னுசன், ஆண்டு 1911, நாய்கள் கார்டன் செட்டர் ஜாதி. பிறகு பிரிட்டனில் 1940-களில் ஐரிஷ் செட்டர் நாய்களிடையே இது பரவலாகக் காணப்பட்டது. அங்கே வளர்ப்பவர்கள் ஒரு கடுமையான முறையைக் கையாண்டார்கள். ஐயத்துக்குரிய நல்ல நாயைக் குருடான நாயோடு சேர்த்துக் குட்டிகளைப் பார்ப்பார்கள். நல்ல நாய் உள்ளே குறையைச் சுமந்திருந்தால் குட்டிகளில் சராசரி பாதி குருடாகும். ஆறு குட்டிகளும் பார்வையோடு பிறந்தால், அது குறையைச் சுமந்தும் தற்செயலாகத் தப்பியிருக்கக் கூடிய வாய்ப்பு 64-இல் ஒன்று. ஒரு நாய் சுத்தமானது என்று அறியக் குருட்டுக் குட்டிகளைப் பிறப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. 1993-இல் ஐரிஷ் செட்டரின் குறையுள்ள ஜீன் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கொடுமைக்குத் தேவை இல்லாமற் போயிற்று.

லாப்ரடார், பூடில், காக்கர் ஸ்பானியல் முதலிய பல ஜாதிகளைப் பிடிக்கும் வகையின் ஜீன் 2006-இல் தெரியவந்தது. அந்த ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது; அவ்வளவே பிழை. அதே பிழை விழித்திரை நோயுள்ள ஒரு மனிதரிடமும் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டது. நாய்க்கும் நமக்கும் உள்ள உறவு வாசற்படியோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, கணக்கு. இந்தக் கணக்குத்தான் இக்கட்டுரையின் உயிர். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஒவ்வொரு ஜீனும் நாய்க்கு இரட்டையாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. இரண்டும் குறையுள்ளதானால்தான் இந்த வகை நோய் வரும். ஒன்று மட்டும் குறையுள்ளதானால் நாய்க்கு ஒரு கேடும் இல்லை; ஆயுள் முழுவதும் கழுகுக் கண்ணோடு இருக்கும். ஆனால் குறையைக் குட்டிகளுக்குக் கடத்தும். அத்தகைய இரண்டு நாய்கள் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு நோய், இரண்டு குறையைச் சுமப்பவை, ஒன்று சுத்தம். ஆகையால், “தாயும் தந்தையும் நன்றாகப் பார்க்கின்றனவே” என்பது சமாதானமாகாது.

கறுப்பனுக்கு நோயே வந்துவிட்டது. எனவே அதனிடம் உள்ள இரண்டும் குறையுள்ளவை. அதன் ஆறு குட்டிகளும் ஆளுக்கொரு குறையுள்ள ஜீனைக் கட்டாயம் பெற்றிருக்கின்றன. தாய் நாய் சுத்தமானதானால் குட்டிகள் ஒன்றுக்கும் பார்வை போகாது. குறையைச் சுமந்திருக்கும், அவ்வளவே. தாயும் குறையைச் சுமந்திருந்தால், குட்டிகளில் சராசரி பாதி காலப்போக்கில் கறுப்பனைப் போல ஆகும். நண்பர் எண்ணியபடி மகளை மீண்டும் தந்தையோடு சேர்த்திருந்தால், மகளுக்குப் பார்வை இருந்தாலும்கூட, பிறக்கும் குட்டிகளில் சராசரி பாதிக்குக் குருடு நிச்சயம். ஜாதி சுத்தம் என்று நாம் சொல்வது இந்த இடத்தில் நோயைச் சுத்தமாகச் சேர்த்து வைப்பதாக முடிந்திருக்கும்.

இது அயல்நாட்டு ஜாதிகளுக்கு மட்டும் உள்ள விதியன்று. நம் ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் தபால்தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. அந்த வெள்ளை மேனிக்காகவே நாயைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கினார்கள். அந்த நாய்களிடையே பிறவிச் செவிடு காணப்படுவதும் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. தலைகள் குறைந்த கூட்டத்தில், உறவுக்குள்ளேயே சேர்த்து, ஓர் அழகை விடாப்பிடியாகத் தேடினால், அந்த அழகோடு மறைந்திருக்கும் குறையும் கூட வருகிறது.

வைத்தியரிடம் நான் கேட்ட முதற்கேள்வி, “குட்டிகளை இன்றே கொண்டுவரட்டுமா? கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவீர்களா?” என்பது. அவர் சொன்ன பதில் எனக்குப் பெரிய பாடமாயிற்று. குட்டிகளுக்கு வயது இரண்டு. இந்த வகைச் சிதைவு லாப்ரடாருக்குப் பெரும்பாலும் சில வயது கடந்த பிறகே கண்ணில் தெரியும். இன்று பார்த்துப் பழுதில்லை என்றால், இன்று பழுதில்லை என்றுதான் பொருள்; நாளைக்கு அது ஜாமீன் ஆகாது. அமெரிக்காவில் நாய்களுக்கு வழங்கும் கண் சான்றிதழும் ஓர் ஆண்டுக்கே செல்லும். ஆண்டுதோறும் மறுபடி காட்ட வேண்டும். ஐயமான கண்ணை ஆறு மாதம் அல்லது ஓர் ஆண்டு கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள்.

அப்படியானால் ஜீன் பரிசோதனை மட்டும் போதாதா? கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் ஆய்வுக்கூடம் சொல்லிவிடுகிறது. எந்த வயதிலும் செய்யலாம். குறையைச் சுமப்பவற்றையும் காட்டிக்கொடுக்கும். கண் பரிசோதனையால் அது இயலாது. ஆனால் அந்தப் பரிசோதனை, கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். இந்த நோய்க்கு வெவ்வேறு ஜாதிகளில் வெவ்வேறு ஜீன்கள் காரணமாகின்றன. ஒன்றைத் தேடி இல்லை என்றால், மற்றொன்று இருக்கக்கூடும். எந்த ஜீன் என்று தெரியாத ஜாதிகளுக்கும் கலப்பு நாய்களுக்கும் கண்ணைத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது, இரண்டும் வேண்டும். ஜீன் வரப்போவதைச் சொல்கிறது. கண் வந்துவிட்டதைச் சொல்கிறது.

எங்கே காட்டுவது என்று கேட்பீர்கள். எல்லா மிருக வைத்தியசாலைகளிலும் விழித்திரையைப் பார்க்கும் கருவியும் பயிற்சியும் இருப்பதில்லை. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. நமக்கு அருகில் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்ப்பக்கம் போகிறவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய பழைய கல்லூரி இருக்கிறது. நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்கள், தாய் தந்தையரின் பட்டயத்தைப் பார்க்கும் முன் அவற்றின் கண்ணை யார், எந்த ஆண்டு பார்த்தார் என்று கேளுங்கள். இணை சேர்க்க நினைப்பவர்கள், சேர்ப்பதற்கு முன்னால் காட்டுங்கள். சேர்த்த பிறகு காட்டினால் என் கதிதான்.

நண்பரிடம் செய்தியைச் சொல்லப் படகேறி எறணாகுளம் போனேன். அவர் முகம் வாடியது. “குட்டிகள் எல்லாம் மான் போல ஓடுகின்றன. நல்ல நாளில் ஏன் அபசகுனமாகப் பேசுகிறீர்கள்? சம்பந்திக்கு என்ன பதில் சொல்வேன்?” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வைத்தியர் அறையில் இருட்டில் உட்கார்ந்து கேட்டிராவிட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அன்று அதிகம் வாதிக்கவில்லை. கறுப்பனை அந்தி நேரத்தில் வந்து ஒருமுறை பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். அவர் குரலைக் கேட்டதும் கறுப்பன் வழக்கம் போல வாலாட்டிக்கொண்டு எழுந்தது. நேராக வந்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் முட்டிக்கொண்டது. அவர் அதன் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். புறப்படும்போது, “தாய்க்கும் பெண்ணுக்கும் பஞ்சு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சம்பந்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்” என்றார். முடிவு இன்னும் வரவில்லை.

ஐந்து வீடுகளுக்கும் நானே நேரில் சென்று சொல்லிவிட்டேன். வேளி பக்கத்து வீடு ஒன்றில், ஒன்பது வயதுப் பெண் குழந்தை குட்டியைக் கட்டிக்கொண்டு, “இதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளமாட்டேன் என்றேன், இணை மட்டும் சேர்க்க வேண்டாம், ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டுங்கள் என்றேன்.

இவ்விடத்தில் மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கும் இதே வகை விழித்திரைச் சிதைவு உண்டு; இதே அந்தித் தடுமாற்றத்தில் அது தொடங்குவதும் உண்டு; அதன் பல வகைகளுக்கு இதே கணக்குப் பொருந்தும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். சொந்த ஊரை விட்டு வந்து சில வீடுகளாக வாழும் நம் போன்றவர்களிடையே, தெரிந்த இடம் என்ற நிம்மதிக்காக அது தொடர்வதும் இயற்கை. வழக்கத்தைக் குறை கூற நான் வரவில்லை. குடும்பத்தில் ஒருவருக்கேனும் சிறு வயதிலிருந்து இரவுப் பார்வை குறைந்து, பின்பு பகற்பார்வையும் மங்கியிருந்தால், அதை மறைக்காமல், சம்பந்தம் பேசும் முன் கண் வைத்தியரிடமும் பாரம்பரிய ஆலோசனை கூறும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்வது நலம். 1976-இல் தோன்றிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, 1978-இல் தோன்றிய சென்னை சங்கர நேத்ராலயா போன்றவை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. விளக்கு வைத்த பின் வெளியே வரப் பயப்படும் குழந்தையை அடம் என்று அதட்டாமல், ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். மாலைக்கண் என்றால் உணவும் மருந்தும் தீர்க்கும்; வேறென்றால் முன்கூட்டித் தெரிந்துகொள்வதே பெரிய உதவி.

மருந்தே இல்லையா என்று கேட்டால், நம்பிக்கைக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. பிரியார்டு என்ற ஜாதியில் பிறவியிலேயே பார்வை குன்றிய நாய்கள் உண்டு. அவற்றின் விழித்திரைக்குக் குறையற்ற ஜீனைச் செலுத்தி, பார்வை திரும்பியதை 2001-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். லான்ஸ்லாட் என்பது அந்த நாய்களில் ஒன்றின் பெயர். அந்த வழியே தொடர்ந்து சென்று, அதே ஜீன் குறையால் பார்வை இழக்கும் மனிதருக்கான சிகிச்சைக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குருட்டு நாய் ஒன்று குழந்தைகளுக்கு வழிகாட்டிற்று. ஆனால் அது அந்த ஒரு ஜீனுக்கு உரிய மருந்து. கறுப்பனின் குறைக்கு இன்று மிருக வைத்தியசாலையில் கொடுக்கக்கூடிய மருந்து இல்லை.

மருந்து இல்லையே தவிர, வாழ்வு இருக்கிறது. வீட்டில் கட்டில், நாற்காலி, தண்ணீர்ச் சட்டி ஆகியவற்றை இடம் மாற்றுவதில்லை என்று தீர்மானித்துவிட்டோம். வாசற்படி தொடங்கும் இடத்தில் ஒரு சாக்கு விரித்திருக்கிறோம்; கால் பட்டதும் படி வந்துவிட்டது என்று கறுப்பன் தெரிந்துகொள்கிறது. அந்தியில் கயிறில்லாமல் வெளியே விடுவதில்லை. தொடுவதற்கு முன் பேர் சொல்லி அழைக்கிறோம். “படி”, “நில்” என்ற இரண்டு சொற்களை என் மகள் கற்றுக்கொடுத்துவிட்டாள். கண்ணுக்கு வலி இல்லாததால் அதன் மனத்துக்கும் வாட்டம் இல்லை.

நேற்று மாலை விளக்கு வைத்ததும், கறுப்பன் சாக்கின்மேல் வந்து நின்றது. என் மகள் “படி” என்றாள். ஒவ்வொரு படியாக, மூன்றையும் இறங்கி, கீழே நின்று, எங்கள் குரல் வந்த திசையை நோக்கி வாலை ஆட்டியது.